உங்களுக்குத் தெரியுமா? – ஏரை விட்டு ஸ்டீயரிங் பிடித்தவர்கள்

இரண்டாம் உலகப் போரின்போது பண்ணையை வீட்டாரிடம் விட்டுவிட்டு ராணுவ லாரி ஓட்டப் போன ஆஸ்திரேலிய விவசாயிகள் ஏராளம். அவர்களைப் பற்றிச் சில துளிகள்:

● சரக்குப் போக்குவரத்தைக் கவனித்தது 'ஆஸ்திரேலிய ஆர்மி சர்வீஸ் கோர்'. 1903-ல் தொடங்கிய பிரிவு. காலாட்படையில் 'பிரைவேட்' என்று அழைக்கப்படும் சிப்பாய்க்கு இங்கே 'டிரைவர்' என்றே பதவிப் பெயர்!

● வெளிநாடு செல்ல முன்வந்த வீரரின் எண்ணைப் பார்த்தாலே எந்த மாநிலத்தில் சேர்ந்தவர் என்று சொல்லிவிடலாம். 'என்எக்ஸ்' என்றால் நியூ சவுத் வேல்ஸ், 'விஎக்ஸ்' விக்டோரியா, 'கியூஎக்ஸ்' குயின்ஸ்லாந்து.

● அன்று தெற்கிலிருந்து வரும் ரயில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸோடு நின்றுவிடும். டார்வினுக்குப் போகும் ரயிலைப் பிடிக்க வடக்கே லாரிமா வரை சுமார் 1,000 கி.மீ. சாலையில் போக வேண்டும். அந்த இடைவெளியை அடைத்தவை ராணுவ லாரிகள்தான். 1942 பிப்ரவரி 19-ல் ஜப்பான் டார்வின் மீது குண்டு வீசிய பிறகு, இந்தச் சாலையே வடக்கின் உயிர்நாடி ஆனது. விட்டுப்போன ரயில் பாதை முழுமையடைய 2003 வரை ஆயிற்று.

● அந்தச் சாலையில் வரிசையாகப் போகும் லாரிகள் இரவில் தங்க பேரோ கிரீக், பங்கா பங்கா, எலியட் ஆகிய இடங்களில் முகாம்கள் இருந்தன. இவற்றில் எலியட், அங்கே முகாமை நடத்திய ராணுவ கேப்டனின் பெயரில் அமைந்தது. இன்றும் ஊர் அதே பெயரில் இருக்கிறது.

● விமானத் தாக்குதல் அபாயம் உள்ள இடங்களில் ஹெட்லைட்டை மூடிவிடுவார்கள். அப்புறம் எப்படி இருட்டில் முன்னால் போகும் லாரியைப் பின்தொடர்வது? பின்சக்கரங்களுக்கு நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியலுக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, அதன் மேல் மட்டும் விழும்படி ஒரு சின்ன விளக்கை வைத்தார்கள். மேலே இருந்து பார்த்தால் தெரியாது. பின்னால் வரும் டிரைவருக்கு அந்த வெள்ளைப் புள்ளிதான் வழிகாட்டி.

● கனடா வடிவமைத்த ஃபோர்டு, செவ்ரோலே ராணுவ லாரிகளுக்கு ஆஸ்திரேலியர்கள் வைத்த செல்லப்பெயர் 'பிளிட்ஸ்'. சப்பை மூக்கு, எஞ்சினில் பாதி கேபினுக்குள்ளேயே இருக்கும், காலை நீட்ட இடம் கிடையாது. பிற்கால மாடல்களில் முன்கண்ணாடியின் மேல்விளிம்பு வெளியே தள்ளிச் சாய்ந்திருக்கும். வெயில் பட்டுக் கண்ணாடி பளிச்சிடாமல் இருக்க அந்த ஏற்பாடு.

● லாரி ஓட்டப் போனவர்கள் லாரி மட்டுமே ஓட்டவில்லை. 1941-ல் லிபியாவின் டோப்ருக் முற்றுகையில் ஆள் பற்றாக்குறை வந்தபோது, சர்வீஸ் கோர் ஆட்களும் துப்பாக்கி ஏந்திக் காலாட்படையாக நின்றார்கள்.

● 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைபட்ட சுமார் 15,000 ஆஸ்திரேலியர்களில் 8-வது டிவிஷனின் லாரி டிரைவர்களும் அடக்கம். கைதான ஆஸ்திரேலியர்களில் ஏறக்குறைய 13,000 பேர் சயாம்-பர்மா 'மரண ரயில்' பாதையில் வேலை வாங்கப்பட்டார்கள். சுமார் 2,800 பேர் அங்கேயே மாண்டார்கள். மலாயா தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்ததும் அதே பாதையில்தான்.

● ஊரில் அறுவடைக்கு ஆள் இல்லை. 1942-ல் பெண்கள் விவசாயப் படை உருவானது. அதுவும் போதாமல், உழவுக்கும் மற்ற அவசியத் தொழில்களுக்குமாக 20,000 பேரை ராணுவத்திலிருந்து விடுவிக்க 1943 அக்டோபரில் அரசு முடிவெடுத்தது. அதேநேரம், 1941-ல் தொடங்கிய பெண்கள் ராணுவ சேவையில் பலர் ராணுவ வண்டிகளை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்!

● போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட 'பிளிட்ஸ்' லாரிகளை விவசாயிகள் வாங்கிப் போட்டார்கள். தீயணைப்பு வண்டியாகவும், மரம் இழுக்கவும், பளு தூக்கவும் அவை பல ஆண்டுகள் உழைத்தன. ஆலிஸ் ஸ்பிரிங்ஸைச் சேர்ந்த கர்ட் யோஹான்சன், டாங்கி சுமந்த 'டயமண்ட் டி' லாரியில் டிரெய்லர்களைக் கோத்து மாடுகளை ஏற்றிச் சென்றார். இன்றைய 'ரோடு டிரெயின்'களுக்கு முன்னோடிகளில் அதுவும் ஒன்று.

● போர்க்கால வீரர்களின் சேவைக் கோப்புகள் ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பல கோப்புகளை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஆஸ்திரேலியாவில் குடியேறிய வாசகர்களே, பக்கத்துப் பண்ணைக்காரர் "எங்க தாத்தா பட்டாளத்துல லாரி ஓட்டினவர்" என்று சொன்னால், அவரோடு உட்கார்ந்து அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள்.