சாளரம் மாற்றும் விசைகள்

2011 முதல் தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், விண்டோஸுடன் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அண்ணன் பெற்ற அக்கணினிதான் இன்று எனக்கு உழைக்கிறது. எங்கள் அவலாஞ்சியோ, 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கண்ட ஊர். மின்சாரம் போனால் பழைய மின்கலம் அரைமணி நேரமே தாங்கும். செயலிகளைத் தேடி அலைய நேரமேது?

லினக்ஸின் க்னோம் திரையில் ஆல்ட்-டேப் அழுத்தினால் செயலிகளே மாறும். செய்முறை ஏட்டையும் பாடக்குறிப்பையும் ஒரே செயலியில் திறந்திருப்பவர் திகைப்பார். டேபுக்கு மேலுள்ள விசையை ஆல்ட்டுடன் அழுத்துக. அச்செயலியின் சாளரங்கள் மாறும். விசைப்பலகை அமைப்பில் ‘சாளரங்களை மாற்று’ என்பதற்கே ஆல்ட்-டேபைக் கொடுத்துவிடலாம். என் வாக்கு இதற்கே.

விண்டோஸ் சின்னமுள்ள விசை செயலிப்பட்டையைக் காட்டும். திறந்துள்ள செயலியை வலச்சொடுக்கி அதில் நிலையாக வைக்கலாம். ஐந்துக்கு மேல் வைத்தாலோ மறுபடி தேடல்தான்! மற்றவற்றிற்குப் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டினால் போதும்.