மிச்சச் சோறும் காதுவில்லையும்

முகூர்த்த நாளுக்கு மறுநாள் காலை ஏதாவது ஒரு கால்நடை மருந்தக வாசலில் போய் நின்று பாருங்கள். "ராத்திரி நல்லாத்தான் சார் இருந்துச்சு, விடியறப்ப எந்திரிக்கல" என்று ஒருவராவது சொல்லிக்கொண்டிருப்பார். என்ன வைத்தீர்கள் என்று மருத்துவர் கேட்டால், "வழக்கமா வைக்கிறதுதான்" என்பார். இன்னொரு தடவை அழுத்திக் கேட்டால்தான் கல்யாண மண்டபத்திலிருந்து வந்த டிரம் நிறையச் சோற்றின் கதை வெளியே வரும். மாட்டுப் பொங்கலுக்கு அடுத்த நாளும் இதேதான். ரேஷன் அரிசியைக் குருணையாக்கிக் கொட்டியவர்கள், கட்டு அவிழ்ந்த மாவு மூட்டையில் மாடு வாய்வைத்த வீட்டுக்காரர்கள் என்று வருஷம் முழுக்க ஆள் வந்துகொண்டே இருக்கிறது.

2024 ஜூனில் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் ஒரு பண்ணையில் பரோட்டாவும் பலாப்பழமும் அளவுக்கு மேல் தின்ற ஐந்து மாடுகள் செத்தன. அமைச்சரே நேரில் போய்ப் பார்த்தார். பரோட்டா தின்றால் மாடு சாகுமா என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சாகும். இட்லி, பொங்கல், சாம்பார் சாதம் எதைத் தின்றாலும் சாகும். பழக்கமில்லாத வயிற்றில் ஒரே நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்பதுதான் கணக்கு.

வைக்கோலை மாட்டுக்காகச் செரித்துக் கொடுப்பவை அதன் பெருவயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். அவை உயிரோடு இருக்க அங்கே அமில காரநிலை (பி.எச்.) ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அப்படி நிறுத்தி வைப்பது எச்சில். கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் எச்சில் ஊறும், அதிலேயே சோடா உப்பு இருக்கிறது. நார்த்தீவனத்தை அசைபோட்டால்தான் அந்த எச்சில் வரும். சோற்றுக்கு மெல்லுகிற வேலையே இல்லை, அதனால் எச்சிலும் இல்லை. அந்த நேரம் பார்த்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்ற பாக்டீரியா மாவுச்சத்தைத் தின்று சில மணி நேரத்தில் பல்கிப் பெருகி, லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கி வழிவதைப் போல உள்ளே எல்லாம் புளித்துப்போகும். அமிலம் ஏற ஏற நார் செரிக்கும் உயிர்கள் மடியும். பி.எச். ஐந்துக்குக் கீழே போனால் லாக்டோபேசிலஸ் வகை பெருகி மேலும் அமிலம் சேர்க்கும். புளித்த வயிறு ரத்தத்திலிருந்து தண்ணீரை உள்ளே இழுக்கும். வயிறு குளம்போலத் தளும்ப, மாடு வறண்டு போகும். கடுமையாக இருந்தால் ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். பிழைத்தாலும் குளம்பு நோவும் கல்லீரலில் சீழ்க்கட்டியும் மிச்சமிருக்கும்.

இதற்கு மெதுவான வடிவமும் உண்டு. பால் கூடட்டும் என்று வைக்கோலைக் குறைத்துக் கலப்புத்தீவனத்தை ஏற்றுகிறவர்கள் வீட்டில் மாடு சாகாது. சாணி இளகி நுரைக்கும், மாடு நொண்டும், பாலில் கொழுப்பு இறங்கும். சங்கத்தில் போய் டெஸ்டரோடு சண்டை போடுவதற்கு முன்னால் தொட்டியில் எவ்வளவு தவிடு கொட்டினோம் என்று பாருங்கள். உடம்புக்கு ஒன்றரை கிலோ, பிறகு இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்பது பசுவுக்கு வழக்கமான கணக்கு. அதையும் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வைக்க வேண்டும். புதுத் தீவனம் எதுவானாலும் இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும்.

அறிகுறிகள் எளியவை. அசை நிற்கும். பல்லை நறநறவென்று கடிக்கும், வயிற்றை உதைக்கும். சாணி தண்ணீராக, புளித்த நாற்றத்தோடு, முழுப் பருக்கைகளோடு போகும். கண் குழி விழும், தள்ளாடும், கடைசியில் கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிடும். இந்தக் கடைசிக் கோலத்தைப் பார்த்துப் பால் காய்ச்சல் என்று கால்சியம் பாட்டில் ஏற்றுகிற ஆட்கள் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவர்தான் வைத்தியம் பார்க்கலாம், சான்றிதழில் கையெழுத்திடலாம். ஊசி போட்டுவிட்டு இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போகிறவரால் பிறகு உங்களுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடத் தர முடியாது.

எண்ணெய் ஊற்றாதீர்கள். வயிற்று உப்புசத்துக்கு எண்ணெய் உதவும், இந்த அமிலத்தை அது தணிக்காது. கோலி சோடா ஊற்றாதீர்கள். தலையைத் தூக்கிப் பிடித்து எதையும் ஊற்றாதீர்கள், புரையேறினால் நுரையீரலுக்குள் போய்விடும். படுத்துவிட்ட மாட்டுக்கு வாய்வழியே எதுவுமே கூடாது. சமையல் சோடா மருந்துதான், ஆனால் அளவு மாட்டின் எடையைப் பொறுத்தது, அதை மருத்துவரிடம் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் எவ்வளவு காட்டலாம் என்பதையும் அவரே சொல்லட்டும். நீங்களாகச் செய்யக்கூடியது, தீவனத்தை எடுத்துவிட்டு உலர்ந்த வைக்கோலை மட்டும் வைப்பது, எழுந்து நிற்கிற மாடானால் நடக்க விடுவது.

1962 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லை, நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். போனை எடுத்தவுடன் முதல் வாக்கியமாக "மாடு சோறு தின்றுவிட்டது, இத்தனை கிலோ இருக்கும், இத்தனை மணிக்கு" என்று சொல்லுங்கள். "மாட்டுக்கு உடம்பு சரியில்லை" என்றால் வரிசையில் கடைசியாகத்தான் வருவீர்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வயிற்றைத் திறந்து சோற்றை அள்ளியெடுக்கிற அறுவையும் உண்டு, நல்ல மாட்டின் வயிற்று நீரை எடுத்து ஊற்றுவதும் உண்டு. வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகள் பக்கத்தில் இருப்பவர்கள் நேரே அங்கே ஏற்றிப் போகலாம். எல்லாமே முதல் சில மணி நேரத்துக்குத்தான்.

மண்டபக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மிச்சச் சோற்றை மாட்டுக்காரர் தலையில் கட்டுவது தர்மம் அல்ல, குப்பை வண்டிச் செலவை மிச்சம் பிடிப்பது. மக்கும் குப்பையைத் தரம் பிரித்து ஒப்படைக்கும் கடமை 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே வந்துவிட்டது. தெருவோரம் கொட்டினால் பேரூராட்சிச் செயல் அலுவலருக்கோ நகராட்சிச் சுகாதார ஆய்வாளருக்கோ எழுதிக் கொடுங்கள். அசையவில்லை என்றால் 1100 என்ற முதல்வர் உதவி மைய எண்ணில் பதிந்து, மனு எண்ணைக் குறித்து வையுங்கள்.

இனி, மாடு செத்துவிட்டால். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். துக்கத்தில் மஞ்சள் தெளித்துக் குழியில் இறக்கிவிட்டு, மூன்றாம் நாள் இன்சூரன்ஸ் கேட்டு வருகிறார்கள். புதைக்காதீர்கள். காதுவில்லையைக் கழற்றாதீர்கள். வில்லை தெரிகிற மாதிரி முகத்தையும் முழு உடலையும் செல்போனில் படம் எடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றைக்கே, போனில் மட்டுமல்லாமல் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ எழுத்தில் தெரிவியுங்கள். பிரேதப் பரிசோதனை செய்து சான்று தர வேண்டியவர் கால்நடை உதவி மருத்துவர். கிளை நிலையத்தில் இருக்கும் கால்நடை ஆய்வாளரின் கையெழுத்து செல்லாது. மருத்துவர் விடுப்பு என்றால் பொறுப்பு மருத்துவர் யாரென்று உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். ஒருவர் தலையில் இரண்டு மூன்று மருந்தகங்களைக் கட்டிவைத்திருப்பது அரசின் குறை, அதற்காக உங்கள் மாடு காத்திருந்து அழுகக் கூடாது. விஷம் வைத்துவிட்டார்கள் என்று பங்காளி மேல் சந்தேகப்படுகிறவர்களுக்கும் இதே பரிசோதனைதான் பதில் சொல்லும். வயிறு நிறையப் பருக்கை இருந்தால் ஸ்டேஷனுக்குப் போகிற வேலை மிச்சம்.

தேசியக் கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் இழப்பீட்டுக்கு நான்கே தாள்: நிறுவனத்துக்குத் தெரிவித்ததற்கான சான்று, பாலிசி, கோரிக்கைப் படிவம், பிரேதப் பரிசோதனை அறிக்கை. இவற்றைக் கொடுத்த 15 நாளில் பணம் வர வேண்டும். ஐந்தாவதாக ஒரு தாள் கேட்டால், ஏன் வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வங்கிக் கடனில் வாங்கிய மாடென்றால் பாலிசி வங்கியில் தூங்கும், மாடு உயிரோடு இருக்கும்போதே நகல் வாங்கி வையுங்கள். அதில் உள்ள எண்ணும் காதில் உள்ள எண்ணும் ஒன்றா என்று இன்றைக்கே கொட்டகைக்குப் போய்ப் பாருங்கள். வில்லை அறுந்து விழுந்திருந்தால் மருந்தகத்தில் சொல்லிப் புதிது போட்டு, புது எண்ணை நிறுவனத்துக்கு எழுதுங்கள். எண் மாறியிருந்தால் பணம் இல்லை என்பதில் நிறுவனங்கள் ஈவிரக்கம் பார்ப்பதில்லை.

மறுத்தாலோ இழுத்தடித்தாலோ முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு ஒரு வருஷத்துக்குள் எழுதலாம், கட்டணம் கிடையாது. இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். தபால் ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.