ஒரு கையின் உழைப்பு

காலையில் நாளிதழைக் கையில் எடுப்போர் எல்லாரும் முதலில் தலையங்கத்தை நாடுவதில்லை. சிறுவர் மட்டுமன்றி, முதியோருட் பலரும் சித்திரக்கதை இடம்பெறும் பக்கத்தையே முதலில் புரட்டிப் பார்ப்பர். மூன்று நான்கு கட்டங்கள், அவற்றில் சில கோடுகள், இரண்டொரு சொற்றொடர்கள், இறுதிக் கட்டத்தில் ஒரு புன்னகை. படிப்பவர்க்கு அரை நிமிடம் போதும். ஆயின், அவ்வரை நிமிட இன்பத்தைப் படைத்தற்கு ஒருவர் தம் நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டிருப்பார். அதனினும் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. நாளிதழ் நாள்தோறும் வெளிவருவது. ஆதலின், அதற்குச் சித்திரக்கதை படைப்பவர்க்கு விடுமுறை என்பது எளிதில் வாய்ப்பதன்று. இல்லத்தில் திருமணம் நிகழினும், மகவு பிறப்பினும், பெற்றோர் மறையினும், தாமே நோயுற்றுப் படுப்பினும், அச்சகம் தனக்குரிய கட்டங்களைக் கேட்டு நிற்கும்.

மக்களாய்ப் பிறந்தார் யாவர்க்கும் நன்னாளும் துன்பநாளும் மாறி மாறி வருதல் இயல்பு. அந்நாட்களுக்கு உரிய இடத்தைத் தந்து, மேற்கொண்ட தொழிலையும் வழுவாது நடத்துதல் எங்ஙனம்? இவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்தவர் அமெரிக்க நாட்டுச் சித்திரக்கதை ஆசிரியர் சார்லஸ் ஷுல்ஸ் என்பவர். அவ்விடை முழுவதும் இனிமையானதன்று, எனினும் அறிந்துகொள்ளத்தக்கது.

ஷுல்ஸ் 1922-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் மின்னசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ் நகரில் பிறந்தார். அடுத்துள்ள செயின்ட் பால் நகரில் வளர்ந்தார். தந்தையார் முடிதிருத்தகம் நடத்திக் குடும்பத்தைக் காத்தவர். அவரும் மகனும் ஞாயிறுதோறும் நாளிதழ்களின் சித்திரக்கதைப் பக்கங்களை ஒருங்கிருந்து படித்து மகிழ்வர். அவர்கள் வீட்டில் ஸ்பைக் என்னும் நாய் ஒன்று இருந்தது. ஊசி, ஆணி முதலிய உண்ணத்தகாதவற்றையும் அது தின்றுவிடும். அந்நாயைச் சிறுவர் ஷுல்ஸ் வரைந்து அனுப்பிய படம், விந்தைச் செய்திகளை வெளியிடும் புகழ்பெற்ற நாளிதழ்ப் பகுதி ஒன்றில் 1937-ஆம் ஆண்டு வெளிவந்தது.

முதல் வெற்றி இவ்வாறு வந்ததாயினும், பின்வந்தவை எல்லாம் வெற்றிகளாக அமையவில்லை. உயர்நிலைப் பள்ளியின் ஆண்டு மலருக்கு அவர் வரைந்து கொடுத்த படங்கள் ஏற்கப்படவில்லை. ஒரு நாள் அன்னையார், அஞ்சல் வழியாக ஓவியம் கற்பிக்கும் நிலையம் ஒன்றின் விளம்பரத்தை அவருக்குக் காட்டினார். தந்தையார் கட்டணத்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தினார். பிற்காலத்தில் குழந்தைகளை வரைந்தே உலகப் புகழ் எய்திய ஷுல்ஸ், அந்நிலையத்தில் குழந்தைகளை வரையும் பாடத்தில் பெற்றது நடுத்தர மதிப்பெண்ணே! மதிப்பெண் குறைந்தது கண்டு அவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிடவில்லை.

இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த காலம் அது. ஷுல்ஸுக்குப் படையிற் சேருமாறு ஆணை வந்தது. அதே வேளையில் அன்னையார் புற்றுநோயால் படுக்கையிற் கிடந்தார். 1943-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வார விடுமுறையில் வீட்டுக்கு வந்த மகன், அன்னையாரிடம் விடைபெற்றுப் படைமுகாமுக்குத் திரும்பினார். அதன்பின் அவரை உயிருடன் காணும் பேறு மகனுக்கு வாய்க்கவில்லை. இறுதிச் சடங்கு முடிந்ததும், துயரத்தை ஆற்றிக்கொள்ளவும் காலமின்றி, தொலைவிலுள்ள பயிற்சி முகாமுக்குச் செல்ல நேர்ந்தது. கடமைக்கும் உள்ளத்துக்கும் இடையே எழும் முரணை இருபது வயதிலேயே அவர் இவ்வாறு உணர்ந்தார்.

போர் முடிந்து ஊர் திரும்பிய ஷுல்ஸ், தாம் பயின்ற அஞ்சல்வழி நிலையத்திலேயே ஆசிரியராக அமர்ந்து, மாணாக்கர் அனுப்பும் படங்களைத் திருத்தி வந்தார். 1947 முதல் செயின்ட் பால் நகர நாளிதழ் ஒன்றில் வாரந்தோறும் நகைச்சுவைப் படங்களும் வரைந்தார். சித்திரக்கதைகளை வாங்கிப் பல நாளிதழ்களுக்கு வழங்கும் நியூயார்க் நிறுவனம் ஒன்று பின்னர் அவரை ஏற்றுக்கொண்டது. 1950-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள், ஏழு நாளிதழ்களில் அவருடைய தொடர் தொடங்கியது. 'வேர்க்கடலை' எனப் பொருள்படும் 'பீநட்ஸ்' என்னும் பெயரை நிறுவனமே அதற்குச் சூட்டிற்று. அப்பெயர் அவருக்கு என்றும் பிடித்ததில்லை.

எதிலும் தோற்றுக்கொண்டே இருக்கும் சார்லி பிரௌன் என்னும் சிறுவனும், அவனுடைய நாய் ஸ்நூப்பியும் அத்தொடரின் தலைமைப் பாத்திரங்கள். அவர்களைச் சுற்றி அண்டை வீட்டுப் பிள்ளைகள் சிலர். பெரியோர் பொதுவாக அக்கட்டங்களுட் கால் வைப்பதில்லை. இச்சிறு உலகத்தை ஷுல்ஸ் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நடத்தினார். 1952-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஞாயிற்றுக்கிழமைக்கெனப் பெரிய பகுதி ஒன்றும் சேர்ந்தது. அன்று முதல் வாரத்துக்கு ஏழு. அவர் வரைந்தவை மொத்தம் 17,897. காலப்போக்கில் 75 நாடுகளில், 21 மொழிகளில், 2,600 நாளிதழ்கள் அவற்றை வெளியிட்டன. இத்தொழிலில் புகழ் எய்திய பலர் எழுத்து எழுதவும் மையூட்டவும் உதவியாளரை அமர்த்திக்கொள்வதுண்டு. ஷுல்ஸோ, நாளிதழ்த் தொடரில் ஒரு கோட்டையும் பிறர் கைக்கு விடவில்லை. எண்ணம், உரையாடல், எழுத்து, படம் ஆகிய யாவும் ஒரு கையின் உழைப்பே.

இத்துணைப் பெரும்பணி ஒருவரால் இயன்றது எவ்வாறு? அதன் மறைபொருள் மிக எளியது. அலுவலகம் செல்வோர் போல அவர் வேலை நாட்களிற் காலையில் தம் பணியகத்துக்குச் செல்வார். எண்ணம் தோன்றும் வரையில், ஒரு தாளில் எதையேனும் கிறுக்கிக்கொண்டிருப்பார். தோன்றியதும், பென்சிலால் மெல்லிய கோடுகளை இட்டுப் பின்னர்ப் பேனாவால் மையூட்டுவார். உள்ளக் கிளர்ச்சி வரட்டும் என்று வாளாவிருந்தாரல்லர். நாற்காலியில் அமர்ந்து அதனை வருவித்தார். தாம் விரும்பிப் பயன்படுத்திய பேனா முள்ளை உற்பத்தி செய்வது நின்றுபோகும் என்று அறிந்தபோது, எஞ்சியிருந்த முட்களையெல்லாம் விலைக்கு வாங்கிச் சேர்த்துக்கொண்டார். கருவியிற் கூட முன்னேற்பாடு தவறவில்லை.

முன்னேற்பாடே அவர் தொழிலின் உயிர்நாடி. இன்று வரைந்தது நாளை வெளிவருவதன்று. ஒவ்வொரு படமும் அச்சேறும் நாளுக்குப் பல வாரங்கள் முன்னரே நிறுவனத்தைச் சென்று சேர்தல் வேண்டும். அறுவடைக் காலத்தில் நெல்லைக் குதிரில் நிரப்பி வைத்த உழவன், மழை பொய்த்த திங்களில் அஞ்சுவதில்லை. அவ்வாறே, நலமாயிருந்த நாட்களில் வரைந்து முடித்த படங்கள், நலமற்ற நாட்களில் அவரைக் காத்தன.

அத்தகைய நாட்கள் அவர் வாழ்க்கையிற் பல. 1951-இல் அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. 1958-க்குள் இல்லத்தில் ஐந்து குழந்தைகள் நிறைந்தனர். அவ்வாண்டிலேயே குடும்பம் கலிபோர்னியா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. 1966-இல், மகனைக் காண வந்திருந்த தந்தையார் அங்கேயே காலமானார். அதே ஆண்டில் அவருடைய பணியகம் தீப்பற்றி எரிந்தது. இவற்றுள் எதுவும் தொடரை நிறுத்தவில்லை. குழந்தை பிறந்த மகிழ்ச்சியையோ, தந்தையை இழந்த துயரத்தையோ நாளிதழ் படித்த இலட்சக்கணக்கானோர் அறியார். அவர்கள் அறிந்ததெல்லாம், அன்றும் சார்லி பிரௌன் பந்தாட்டத்தில் தோற்றான் என்பதே.

எனினும், வாழ்க்கையின் நிகழ்ச்சிகளை ஷுல்ஸ் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார் என்று எண்ணுதல் தவறு. அவை வேறு வழியாகக் கட்டங்களுட் புகுந்தன. சார்லி பிரௌனின் தந்தையும் முடிதிருத்துபவரே. ஊசியையும் ஆணியையும் தின்ற ஸ்பைக், ஸ்நூப்பிக்கு முன்மாதிரி ஆயிற்று. இன்னொரு நாய் வளர்ப்பதாயின் இப்பெயரிட வேண்டும் என்று அன்னையார் முன்பொருகாற் கூறியிருந்ததை நினைவிற்கொண்டே, அந்நாய்க்கு அவர் ஸ்நூப்பி எனப் பெயரிட்டார். மறைந்த தாயின் சொல் ஒன்று, இவ்வாறு உலகமெங்கும் குழந்தைகளின் நாவில் நின்றது. தம் குழந்தைகள் போர்வையை விடாது பற்றித் திரிந்ததைக் கண்டவர், லைனஸ் என்னும் சிறுவன் கையில் ஒரு போர்வையைக் கொடுத்தார். 1950-இல் அவர் மணக்க விரும்பிய நங்கை ஒருவர் அதற்கு இசையவில்லை. சார்லி பிரௌன் ஏக்கத்துடன் நோக்கும் செந்நிறக் கூந்தற் சிறுமி, அந்நினைவிற் பிறந்தவள். அச்சிறுமியின் முகத்தை நாளிதழ்த் தொடரில் அவர் தெளிவாகக் காட்டவே இல்லை.

ஆயினும், இவ்வுழைப்புக்கு அவர் தந்த விலை சிறிதன்று. வெளியூர்ப் பயணம் அவருக்கு அச்சம் தந்தது. கவலையும் தனிமையுணர்வும் புகழின் நடுவிலும் அவரை விட்டு நீங்கவில்லை. 1972-இல் முதல் மணவாழ்க்கை முறிவுற்றது. அடுத்த ஆண்டில் மறுமணம் செய்துகொண்டார். 1981-இல் இதயத்தில் அறுவை மருத்துவம் நிகழ்ந்தது. அதன்பின் அவர் கை நடுங்கத் தொடங்கிற்று. தெளிந்த நீரோட்டம் போன்றிருந்த கோடுகள், மெல்ல அதிரும் கோடுகளாயின. நடுங்கும் கையை மற்றொரு கையாற் பற்றிக்கொண்டும் அவர் வரைந்தாரேயன்றி, பிறரிடம் பேனாவைக் கொடுத்தாரல்லர்.

எல்லாரும் இவ்வழியே செல்லல் வேண்டும் என்பதில்லை. டின்டின் என்னும் இளஞ்செய்தியாளனின் கதைகளைப் படைத்த பெல்ஜிய நாட்டு எர்ஜே வேறு வழியை மேற்கொண்டார். வார இதழுக்கு இடையறாது வரைந்த களைப்பால் அவர் உள்ளம் தளர்ந்தது. 1950-இல் தொடங்கிய சந்திரப் பயணக் கதை, நடுவே ஓராண்டுக்கும் மேலாக நின்றுபோயிற்று. அவ்வாண்டிலேயே அவர் பணியகம் ஒன்றை நிறுவி, ஓவியர் பலரை உதவிக்கு அமர்த்தினார். கதை நின்றமையால் வாசகர் வருந்தியிருப்பர். ஆயின், டின்டின் மீண்டும் புறப்பட்டுச் சந்திரனை அடைந்தான். ஓய்வு கொள்வதும், பிறர் உதவியை நாடுவதும் இழுக்காகா என்பதற்கு எர்ஜேயின் வாழ்க்கை சான்று.

ஷுல்ஸும் ஒரு முறை ஓய்வு கொண்டார். 1997-ஆம் ஆண்டின் இறுதியில், தம் 75-ஆம் பிறந்தநாளை ஒட்டி ஐந்து வாரம் விடுமுறை எடுத்தார். அவ்வைந்து வாரங்களில் மட்டுமே, அவர் உயிரோடிருந்த காலத்தில் பழைய படங்கள் மீண்டும் அச்சாயின. மற்ற நாட்களுக்கெல்லாம் புதிய படம் தந்தவர், தம் வாழ்நாளின் பெருநாள் ஒன்றுக்கென எடுத்துக்கொண்ட காலம் அவ்வளவே.

1999-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அவர் கடும் நோயுற்றார். புற்றுநோய் உடலிற் பரவியிருந்தது தெரியவந்தது. மொழி தடுமாறியது, கண்ணொளியும் குன்றியது. டிசம்பர் 14-ஆம் நாள், தொழிலினின்றும் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். தமக்குப் பின் நாளிதழ்த் தொடரைப் பிறர் வரைந்து நடத்தலாகாது என்பதும் உறுதி செய்யப்பட்டிருந்தது. இறுதி நாட்படம் 2000-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் வெளிவந்தது. வாசகரிடம் விடைபெறும் இறுதி ஞாயிற்றுப் படம் பிப்ரவரி 13-ஆம் நாளுக்கென முன்னரே அனுப்பப்பட்டிருந்தது. பிப்ரவரி 12-ஆம் நாள் இரவு, உறக்கத்தில் ஷுல்ஸ் உயிர் நீத்தார். மறுநாட் காலையில் நாளிதழ்கள், அவருடைய விடைபெறும் உரையையும் அவருடைய மறைவையும் ஒருங்கே சுமந்து வந்தன. இறந்த பின்னும் ஒரு நாள் அவர் தம் பணியைச் செய்தார் என்னலாம். அதனைச் செய்வித்தது, அவர் என்றும் கைக்கொண்ட முன்னேற்பாடேயன்றோ!

தொழிலும் வாழ்க்கையும் துலாக்கோலின் இரு தட்டுகள் என்றும், ஒன்று தாழின் மற்றொன்று உயரும் என்றும் கூறுவர். ஷுல்ஸின் வரலாறு வேறொன்றை உணர்த்துகின்றது. அவை ஊற்றும் வாய்க்காலும் போன்றவை. தாயன்பும், தந்தையின் தொழிலும், வளர்த்த நாயும், பெற்ற குழந்தைகளும், இழந்த காதலும் ஊற்றாய் நின்றன. நான்கு கட்டங்கள் வாய்க்காலாய் அமைந்தன. வாய்க்காலை நாள்தோறும் தூர் வாரியவர் அவர். அதனால் நீர் தடையின்றி ஓடிற்று. ஆயின், ஊற்றையும் பேணல் வேண்டும். அதனை மறப்பவர்க்கு வாய்க்கால் எத்துணை நேராக இருப்பினும் நீர் இராது.

பாடம் படிக்கும் சிறுவர்க்கும், பயிரிடும் உழவர்க்கும், படம் வரையும் கலைஞர்க்கும் இவ்வுண்மை பொருந்தும். நாளைய கடமையின் ஒரு பகுதியை இன்றே முடித்து வைப்பவர், நாளை வீட்டில் வரும் நன்னாளில் முழு உள்ளத்தோடு மகிழலாம். துன்பநாள் வரின், உற்றார் அருகில் இருந்து அவர் கையைப் பற்றிக்கொள்ளலாம். முன்னேற்பாடு தொழிலுக்கு மட்டும் உரியதன்று, அன்புக்கும் உரியது.