அடைக்கலப் பொருளை அழிக்கலாமா?



சேர்வராயன் மலையிலே, ஏற்காட்டை அடுத்து இருக்கிறது மாரமங்கலம். அந்த மலையிலே கூலிக்குக் காப்பிப் பழம் பறிக்கும் தாய், அரபு நாட்டைக் கண்டவள் அல்லள். ஆனால், அவள் பறிக்கும் பழத்துக்கும் அரபு மண்ணுக்கும் உறவு உண்டு! பதினேழாம் நூற்றாண்டிலே, பாபா புதான் என்ற சூபி ஞானி ஏமன் நாட்டிலிருந்து ஏழே ஏழு காப்பி விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையிலே ஊன்றினார் என்பது வழிவழி வந்த செய்தி. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியை ஏற்காட்டுக்கும் ஏற்றினார்.

விதை கொணர்ந்தவரின் மார்க்கம் மண்ணைப்பற்றி என்ன சொல்கிறது? மண் ஓர் அமானிதம், அதாவது அடைக்கலப் பொருள் என்கிறது. உண்ணலாம், உடுக்கலாம், அழிக்க உரிமை இல்லை, ஒருநாள் கணக்குக் காட்டியாக வேண்டும்! வானும் மண்ணும் ஒரு தராசு நிலையிலே அமைந்தவை. அதைச் சாய்க்காதே என்கிறது குர்ஆன். ஓடுகிற ஆற்றங்கரையிலே தொழுகைக்காகக் கைகால் கழுவினாலும் நீரை வீணாக்காதே என்பது நபிமொழி. நீர், மேய்ச்சல், நெருப்பு மூன்றிலும் அனைவருக்கும் பங்கு உண்டு என்பதும் நபிமொழியே. ஊருக்குப் பொதுவான ஊற்றுக்கு வேலி போடுவோர் காதிலே இது விழட்டும்! போருக்குப் போன படைக்கே, கனிமரத்தை வெட்டாதீர் என்று கட்டளையிட்டார் முதல் கலீபா அபூபக்கர்.

இன்றோ தராசு சாய்ந்துவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்த புகை உலகையே சூடாக்குகிறது, பருவம் தடுமாறுகிறது. காப்பிக்கு மார்ச், ஏப்ரலிலே பூமழை வேண்டும். மழை தவறினால் பூ இல்லை. பூ இல்லையேல் காய் இல்லை. காய் இல்லையேல் கூலி இல்லை! எரித்தவன் எங்கோ இருக்கிறான். ஏங்குபவள் மாரமங்கலத்திலே நிற்கிறாள். இதுவா நீதி?

2015 ஆகஸ்டிலே இஸ்தான்புல் நகரில் கூடிய இஸ்லாமிய அறிஞர்கள் ஓர் அறிக்கை விடுத்தனர். செல்வ நாடுகளும் எண்ணெய் நாடுகளும் முன்னின்று, இந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இந்தப் புகையை ஒழிக்க வேண்டும் என்றனர். எண்ணெய் நாடுகளிலே முஸ்லிம் அரசுகள் பல உண்டே! தம்மவர் என்று தயங்கினார்களா? இல்லை. அந்த நேர்மையைப் பாராட்டுகிறோம்.

அறிக்கை மட்டும் போதுமா? போதாது. உலகமே முடியும் வேளை வந்தாலும், கையிலே கன்று இருந்தால் நட்டுவிடு என்கிறது இன்னொரு நபிமொழி. நிழலிலே தான் அமர மாட்டோம் என்று தெரிந்தும் நடச் சொல்லும் அறம் அது!

புகை கக்குவோரிடம் கணக்குக் கேட்போம். கேட்கும்போதே கன்றும் நடுவோம். நட்ட கைக்குத்தான், கேட்கும் குரலிலே வலிமை பிறக்கும்!