யார்க்டவுனில் தோற்றவர், சேலத்தைப் பிடித்த கதை

1781, அமெரிக்காவின் யார்க்டவுன். வாஷிங்டனிடம் பிரிட்டிஷ் படை சரணடைகிறது. தளபதி கார்ன்வாலிஸோ, 'உடம்பு சரியில்லை' என்று சொல்லி அந்தப் பக்கமே வரவில்லை! அதே மனிதர்தான் 11 வருஷம் கழித்து சேலம், நாமக்கல் பகுதியில் ஆட்சியையே மாற்றினார்.

கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்தவர், 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானைப் பணியவைத்தார். திப்புவுக்குப் பாதி ராஜ்ஜியம் போச்சு. 3.30 கோடி ரூபாய் இழப்பீடு வேறு. அதற்குப் பிணையாக இரண்டு மகன்கள். பாராமஹாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்தன.

அதே செப்டம்பரில் பிரான்ஸ் மன்னராட்சியை ஒழித்துக் குடியரசானது. நம்ம ஊருக்கு வந்ததோ கலெக்டர்! கேப்டன் அலெக்சாண்டர் ரீட், அவருக்கு உதவியாக மன்றோ, மெக்லியோட், கிரஹாம். எல்லாருமே ராணுவ ஆட்கள். நிலத்தை அளந்து, இடைத்தரகர் இல்லாமல் விவசாயியிடமே வரி வாங்கினார்கள். ரயத்துவாரி முறை இங்கேதான் உருவானது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் வரி எவ்வளவு என்பதைக் கம்பெனிதான் முடிவு செய்தது.

அதுவும் நீடிக்கவில்லை. 1800-களின் தொடக்கத்தில் கிராமங்களை 'மிட்டா'க்களாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். எடுத்த பலர் பணம் கட்ட முடியாமல் கைவிட, மறுபடியும் ரயத்துவாரி. இந்த மிட்டா முறைக்கு முன்மாதிரி, 1793-ல் வங்காளத்தில் வந்த ஜமீன்தாரி நிரந்தர வரித் திட்டம். கொண்டுவந்தவர்? நம்ம கார்ன்வாலிஸேதான்.