புள்ளினப் படங்களில் ஒளியும் உண்மையும்

கொக்கு வெண்ணிறமானது என்பதைக் குழந்தையும் அறியும், கமரா அறியாது. புள்ளினங்களைப் படம்பிடிக்கப் புகுவோர் முதற்கண் உணரவேண்டியது இதுவே. விலையுயர்ந்த வில்லை வாங்கியும் நற்படம் வாய்க்கவில்லையென வருந்துவோர் பலர் இவ்வொன்றை உணராமையாலேயே இடர்ப்படுகின்றனர்.

கமராவினுள் அமைந்த ஒளிமானி, தன்முன் தோன்றும் காட்சி எதுவாயினும் அதனை நடுத்தரமான சாம்பல் நிறமென்றே கொண்டு கணிக்கின்றது. ஆதலின் வெண்கொக்கொன்று படம் நிறைய நிற்குமாயின், ஒளி மிகுந்ததெனக் கருதிக் குறைத்துவிடும். கொக்குச் சாம்பல் பூத்துத் தோன்றும். அதே கொக்குக் கண்டற் காட்டின் கருநிழலை அடுத்துச் சிறிதாய் நிற்குமாயின், ஒளி போதாதெனக் கூட்டிவிடும். இறகின் அடுக்கெல்லாம் அழிந்து வெறும் வெண்திட்டே எஞ்சும். முன்னதற்கு ஏறக்குறைய ஒரு படி கூட்டவும், பின்னதற்கு அவ்வளவு குறைக்கவும் வேண்டும். ஒரு படி கூட்டலாவது ஒளியை இருமடங்காக்குதல். வெளிறிய வானிற் பறக்கும் நீர்க்காகத்திற்கோ இரண்டு படிவரை கூட்டலாம். ஐயம் நேரின் வெண்மையைக் காப்பதே முறை. நிழலில் மறைந்த நுட்பத்தைக் கணினியில் ஓரளவு மீட்கலாம். முற்றும் வெளுத்துப் போனதை மீட்டல் அரிது. என் முதற் கொக்குப் படங்கள் பலவும் சுண்ணாம்புக் கட்டிகளாகவே முடிந்தன.

இஃது அழகு பற்றிய செய்தி மட்டுமன்று. சின்ன வெண்கொக்கிற்குக் காலும் அலகும் கரியன, பாதம் மட்டும் மஞ்சள். நடுத்தர வெண்கொக்கிற்குப் பாதமும் கரியது. ஒளி பிழைத்த படத்தில் இவ்வேறுபாடு அழிய, இன்ன பறவையெனத் துணிதற்குச் சான்றில்லாது போகின்றது. இலங்கைப் பறவைகள் குறித்து 1955 இல் வெளிவந்த தம் நூலுக்கு ஜி. எம். ஹென்றி தாமே படம் வரைந்தார். ஓவியனுடைய கை கண்டறிந்ததைத் தீட்டும். கமராவுக்கோ நாமே அறிவூட்டல் வேண்டும்.

இனிப் படத்தின் அமைப்பு. நின்றபடியே கீழ்நோக்கி எடுத்தால் சேறே பின்னணியாகும். முழந்தாளிட்டுப் பறவையின் கண்மட்டத்திற்குத் தாழ்ந்தால் பின்னணி தொலைவிற் சென்று மங்க, பறவை தனித்து விளங்கும். கண் தெளிவாய் அமையவேண்டும். அது நோக்கும் திசையிற் சிறிது வெளியும் விடவேண்டும். காலை ஒளியே சாலச் சிறந்தது.

மன்னாரை அடுத்த வங்காலைச் சரணாலயம் 2010 இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. மாரியில் அங்குப் பூநாரைகளைக் காணலாம். அவற்றின் சிறகிலுள்ள செம்மை பறக்கும்போதே நன்கு புலப்படும். அதன்பொருட்டுக் கைதட்டியும் ஓடியும் கூட்டத்தை எழுப்புவாருளர். அலகை நீரிற் கவிழ்த்து இரையை வடித்துண்ணும் பறவைக்கு அஃது உணவு வேளை. ஒவ்வொரு வீண் பறப்பும் உண்டதைக் கரைக்கும். காத்திருப்பின் தாமே எழும். அப்பொழுது 1/1600 செக்கனுக்குக் குறையாத மூடிவேகம் போதும்.

கணினியிற் செய்யும் திருத்தத்தில், ஓரம் வெட்டுதலும் சாய்ந்த தொடுவானை நிமிர்த்துதலும் குற்றமல்ல. ஆயின் பூநாரையின் சிவப்பை மிகைப்படுத்தல் தகாது. இளம் பறவை சாம்பலும் பழுப்புமாய் இருக்கும். நிறமே அதன் வயதைக் காட்டுவது. எல்லாவற்றையும் செந்நிறமாக்கின், அவ்வாண்டு குஞ்சுகள் வந்தனவா என்பதையே படம் மறைத்துவிடும். திருத்தாத மூலப்படத்தை நாளும் இடமும் குறித்துத் தனியே சேமித்து வைத்தல் நன்று.