பார்வை இழந்தவர் கண்ட பகா எண்

1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுவது பகா எண். 2, 3, 5, 7 உங்களுக்குத் தெரிந்தவை. பெரிய ஒன்றைப் பார்ப்போமா?

இரண்டை 31 முறை எழுதிப் பெருக்குங்கள். விடையில் 1-ஐக் கழியுங்கள். 214,74,83,647 வரும். இது பகா எண் என்று 1772-இல் நிரூபித்தார் கணித மேதை ஆய்லர். அன்று அறியப்பட்டிருந்த பகா எண்களில் இதுவே பெரியது. கால்குலேட்டர் இல்லாத காலம். அவருக்கோ பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது!

எப்படி முடிந்தது? ஓர் எண்ணை இரு எண்களின் பெருக்கலாகப் பிரித்தால், சிறியது அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. எனவே 46,340 வரை சோதித்தால் போதும்.

இன்னொரு சுருக்குவழியும் உண்டு. இந்த எண்ணை வகுக்கக்கூடிய பகா எண் 46,340-க்குள் இருந்தால், அதை 31-இன் இருமடங்கான 62-ஆல் வகுக்கும்போது மீதி 1 வரவேண்டும். ஆகவே 311, 373 போன்ற சில எண்களே சோதனைக்கு மிஞ்சும். அவற்றில் எதுவும் இதை வகுக்காது. உழைப்பைக் குறைத்தது யோசனைதான்!

இப்போது உங்கள் முறை. இரண்டை 11 முறை பெருக்கி 1-ஐக் கழித்தால் 2,047. இது பகா எண்ணா? 22-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் எண்களை மட்டும் சோதியுங்கள்.

விடை: இல்லை. 23 × 89 = 2,047.